ஷீட்டில் 84, ஆர்விடூல்ஸில் 131

கோவையில் ஒரு நூற்பாலைக் குழுமத்தின் ஐடி பிரிவில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன வருடம் ஆடிட்டுக்கு வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வியே, "மொத்தம் எத்தனை விஎம் ஓடுதுங்க?" என்பதுதான். விஎம் என்றால் விர்ச்சுவல் மெஷின், ஒரு நிஜ சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கி ஓட்டும் தனிக் கணினி. எங்களிடம் ஓர் எக்செல் ஷீட் இருந்தது. அதில் 84 வரிசை. அன்று மதியமே, விஎம்களைப் பட்டியலிடும் ஆர்விடூல்ஸ் என்ற மென்பொருளை விசென்டரோடு (விஎம்வேர் விஎம்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) இணைத்துப் பார்த்தேன், 131 வந்தது. அதில் 6 டெம்ப்ளேட் (புது விஎம் உருவாக்க வைத்திருக்கும் மாதிரி), 31 அணைத்து வைத்தவை. மீதி 94 ஓடிக்கொண்டிருந்தன. அதாவது, ஓடுகிற விஎம்களிலேயே குறைந்தது 10 எங்கள் கணக்கில் இல்லை.

ஆர்விடூல்ஸை எழுதியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ராப் டி வெய். இப்போது அது டெல் நிறுவனத்திடம் இருக்கிறது, இன்னமும் இலவசம்தான். விண்டோஸ் கணினியில் நிறுவி, விசென்டர் முகவரியையும் ரீட் ஒன்லி உரிமை மட்டும் உள்ள ஒரு கணக்கையும் கொடுத்தால் போதும். எங்கள் 7 ஹோஸ்ட்களையும் (விஎம்கள் ஓடும் நிஜ சர்வர்கள்) படித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு விஎம்மிலும் ஏஜென்ட் என்ற துணை மென்பொருள் போட வேண்டிய அவசியம் இல்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. பழைய சர்வர்களில் கை வைக்கவே பயமாக இருக்கும்.

முதல் தாவலில் எல்லா விஎம்களும் வரிசையாக வரும். அதில் நான் எப்போதும் பார்ப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று, இயங்குதளம் என்ன என்பதை இரண்டு நெடுவரிசைகளில் காட்டுவது: விஎம்மை உருவாக்கியபோது குறித்தது ஒன்று, உள்ளே ஓடும் விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை மென்பொருள் சொல்வது இன்னொன்று. எங்களிடம் நான்கு விஎம்களில் இவை ஒத்துப்போகவில்லை. 2024 ஜூன் 30 அன்று ஆதரவு முடிந்துபோன சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளம் இரண்டு இடங்களில் வேறு பெயரில் பதிவாகி இருந்தது இப்படித்தான் தெரிந்தது.

இரண்டாவது, கோப்பு இருக்கும் பாதை. விஎம்மின் பெயரை மாற்றினால் டேட்டாஸ்டோரில் (விஎம் கோப்புகளைச் சேமிக்கும் இடம்) உள்ள ஃபோல்டரின் பெயர் அதோடு மாறாது. 'டெஸ்ட்3' என்று ஒரு விஎம் இருந்தது. டெஸ்ட்தானே, அணைத்துவிடலாம் என்று பட்டியலிட்டு வைத்திருந்தோம். பாதையைப் பார்த்தால் ஃபோல்டரின் பெயர் 'கேட் அட்டென்டன்ஸ்'. எங்கள் சீனியரிடம் கேட்டேன். "அது பழைய மேனேஜர் இருக்கறப்ப போட்டதுங்க தம்பி, மில் கேட்டுல விரல் வைக்கிற மெஷின் எல்லாம் அங்கதான் அனுப்பும்" என்றார். மூன்று ஷிஃப்ட் ஆட்களின் வருகைப் பதிவு அந்த 'டெஸ்ட்3'இல் இருந்தது. அணைத்திருந்தால் அந்த மாதச் சம்பளக் கணக்கே நின்றிருக்கும். அந்த ஒரு நெடுவரிசைக்காகவே நான் இந்தக் கருவியைப் பரிந்துரைப்பேன்.

ஸ்னாப்ஷாட் தாவலும் நல்ல வேலை செய்கிறது. ஸ்னாப்ஷாட் என்பது ஒரு விஎம்மின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது; அதன்பிறகு வரும் மாற்றங்கள் தனிக் கோப்பில் சேர்ந்து வளரும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது விஎம்வேரின் அறிவுரை. எங்களிடம் 2021இல் 'அப்கிரேடுக்கு முன்' என்று எடுத்தது ஒன்று 412 ஜிபிக்கு வளர்ந்து கிடந்தது. ஒரு ஞாயிறு இரவு முழுக்க உட்கார்ந்துதான் அதைக் கரைத்தோம்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எந்த விஎம்மோடும் சேராத டிஸ்க் கோப்புகளை 'ஸோம்பி' என்று ஹெல்த் தாவல் காட்டும் (இதற்கு டேட்டாஸ்டோரை உலவும் உரிமை தனியாக வேண்டும்). 'இருக்கலாம், சரிபாருங்கள்' என்றுதான் அது சொல்கிறது, அழிக்கச் சொல்லவில்லை. ஒரே டேட்டாஸ்டோரை இரண்டு விசென்டர்கள் பகிர்ந்தால், அடுத்த விசென்டரின் உயிருள்ள டிஸ்க்கும் இந்தப் பட்டியலில் வந்துவிடும். தயவுசெய்து இதை மட்டும் வைத்து எதையும் அழிக்காதீர்கள்.

அப்புறம் லைசென்ஸ். விஎம்வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கிய பிறகு கணக்கு கோர் (சிபியுவுக்குள் இருக்கும் செயலிப் பகுதி) அடிப்படையில் ஆகிவிட்டது, ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர். எங்கள் பழைய ஹோஸ்ட் ஒன்றில் 12 கோர் சிபியு இரண்டு. 24 கோர்தான், ஆனால் 32க்குப் பணம். ஹோஸ்ட் தாவலை எக்செலில் இறக்கி வைத்துக்கொண்டுதான் விலைப் பேச்சுக்குப் போனோம்.

சரி, எது வராது? விஎம்வேர் அல்லாத எதுவும் வராது. வடிவமைப்புப் பிரிவில் ஒருவர் தன் மேசைக் கணினியிலேயே மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி வைத்து இரண்டு சர்வர் ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பிடித்தது நெட்வொர்க் சுவிட்சின் மேக் முகவரிப் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள அடையாள எண்) பட்டியல்தான். 00:50:56 என்று தொடங்கினால் விஎம்வேர், 00:15:5டி என்றால் ஹைப்பர்-வி, 08:00:27 விர்ச்சுவல்பாக்ஸ், 52:54:00 பெரும்பாலும் கேவிஎம் (எல்லாமே விஎம் ஓட்டும் மென்பொருள்கள்). முகவரியைக் கையால் மாற்றி வைத்திருந்தால் இதுவும் ஏமாற்றும். ஆனாலும் ஆர்விடூல்ஸ் பட்டியலையும் சுவிட்ச் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கணக்கு முடிந்தது என்று சொல்ல மாட்டேன். விஎம்வேர் டூல்ஸ் ஓடாத விஎம்முக்கு ஐபி முகவரிக் கட்டம் காலியாகவே வரும், அங்கேயும் சுவிட்ச்தான் கைகொடுத்தது.

ஆர்விடூல்ஸ் தருவது அந்த நேரத்துப் படம் மட்டுமே. நேற்று என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லாது. அதனால் கட்டளை வரி வழியாக ஒவ்வொரு திங்கள் காலையும் எக்செல் தானாக இறங்கும்படி வைத்திருக்கிறேன். விண்டோஸ் லாகினையே எடுத்துக்கொள்ளும் வசதி இருப்பதால் ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டு எழுத வேண்டியதில்லை. அந்த எக்செலைப் பூட்டி வையுங்கள், உங்கள் சர்வர் அறையின் முழு வரைபடமும் அதில் இருக்கிறது. டெல் தளத்தைத் தவிர வேறெங்கும் இறக்கவும் வேண்டாம். 2025இல் போலித் தளங்கள் வழியாக வைரஸ் கலந்த ஆர்விடூல்ஸ் இன்ஸ்டாலர்கள் பரவின.

இந்த விஎம் யாருடையது என்பதை ஆர்விடூல்ஸ் தானாகச் சொல்லாது. விசென்டரில் 'உரிமையாளர்' என்று ஒரு கஸ்டம் அட்ரிபியூட் (நாமே சேர்க்கும் கூடுதல் விவரம்) சேர்த்தால் அது இங்கே ஒரு நெடுவரிசையாக வந்துவிடும், ஆனால் நிரப்புவதற்குப் பிரிவு பிரிவாக ஏறி இறங்க வேண்டும். நான்கு மாதத்தில் 131இல் 122 நிரம்பிவிட்டன. மீதி 9க்காக இந்த வாரம் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போகிறேன்.