மொரிஸ் மைனருக்கு மாற்றுக் காபரேற்றர்: மூன்று வழியும் பார்த்த பிறகு

எங்களுடைய கார் 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. எஞ்சின் 1098 சி.சி. அப்பா வைத்திருந்தது, அவருக்குப் பிறகு என் கைக்கு வந்தது. 2018இல் அதன் காபரேற்றர், அதாவது காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் சாமான், தொல்லை கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு மூன்று வழியும் பார்த்துவிட்டேன். முதலில் பழையதற்கு ரிப்பேர் கிற் போட்டேன், பிறகு பெரிய எச்.எஸ்.4 ஒன்றை மாட்டினேன், கடைசியில் புது எச்.எஸ்.2 எடுத்தேன். இரண்டும் எஸ்.யு. என்ற பெயரில் வரும் காபரேற்றர் வகைகள். இந்தப் புதியது 14,000 மைல் ஓடிவிட்டது. இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

கார் குளிராக இருக்கும்வரை ஒழுங்காக ஓடும். சூடேறினால் ஐட்லிங் (அக்சிலேற்றரை மிதிக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடுவது) நிற்காது. கொக்குவிலில் புகையிரதக் கடவை மூடியிருந்தால் அக்சிலேற்றரில் காலை வைத்தபடியேதான் காத்திருக்க வேண்டும். ஐட்லிங் ஸ்குரூவைக் கூட்டி வைத்தால் அடுத்த நாள் காலையில் எஞ்சின் கத்தும். எல்லோரும் செய்வதுபோல நானும் ரிப்பேர் கிற் வாங்கிப் போட்டேன். புது ஜெற் (பெற்றோல் வரும் சிறு துளைக் குழாய்), அதற்குள் இறங்கும் புது ஊசி, மிதவை வால்வு, காஸ்கெற் எல்லாம் மாறின. இரண்டு வாரம் நல்லாக இருப்பதுபோலத் தெரிந்தது. அப்புறம் பழையபடியே.

மானிப்பாயில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் காபரேற்றரைக் கழற்றவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஒரு சிரிஞ்சில் கொஞ்சம் ஒயில் எடுத்து, திறொட்டில் ஸ்பின்டில் (காற்றை மூடித் திறக்கும் தகட்டின் அச்சுத் தண்டு) காபரேற்றர் உடலுக்குள் நுழையும் இடத்தில் இரண்டு துளி விட்டார். எஞ்சின் சத்தம் உடனே மாறியது. பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்பின்டில் நுனியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். டிக், டிக் என்று கேட்டது.

"தம்பி, கிற்றைப் போட்டு என்ன செய்யிறது? இஞ்ச ஓட்டை வட்டமாவே இல்லை. காத்து களவா உள்ள போகுது."

அந்த ஒரு நிமிடத்தில் நான் கற்றுக்கொண்டதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. எஸ்.யு. காபரேற்றரில் இருப்பது ஒரே ஒரு ஜெற். எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு ஏற்ப பிஸ்ரன் மேலே எழும்பும். அதோடு சேர்ந்து எழும்பும் கூம்பு ஊசி, ஜெற்றின் வாயைத் தேவையான அளவுக்குத் திறந்துவிடும். எவ்வளவு காற்றோ அவ்வளவு பெற்றோல். ஆனால் ஸ்பின்டில் ஓட்டையால் வருகிற காற்று பிஸ்ரனைத் தாண்டி உள்ளே போகிறது, அதன் கணக்கில் வராது. ஐட்லிங்கில் திறொட்டில் கிட்டத்தட்ட மூடியே இருப்பதால் அந்தக் களவுக் காற்றின் பங்கு அதிகம். கிற்றில் வரும் எந்தச் சாமானும் இதைத் திருத்தாது. வாங்குவதற்கு முன் ஸ்பின்டிலை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

அந்தக் காபரேற்றர் பட்ட பாடு கொஞ்சமில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேற்றர் வாயில் விட்டு ஸ்ரார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் காரும் அப்படித்தான் ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அதனால் அந்தப் பழைய காபரேற்றரை இலேசில் கைவிட மனம் வரவில்லை.

ஸ்பின்டில் ஓட்டையைப் பெருப்பித்து பித்தளை புஷ் (உள்வளையம்) அடிக்கலாம் என்று ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். துளை மையத்திலிருந்து விலகிவிட்டது. திறொட்டில் தகடு அரைவாசியில் இறுகி நின்றது. இந்த வேலைக்கு உடலை ஒழுங்காக நிறுத்திப் பிடிக்கும் ஜிக் வேண்டும். அது இல்லாத இடத்தில் கொடுக்கக்கூடாது.

பிறகு வந்ததுதான் எச்.எஸ்.4. மினி 1000 ஒன்றிலிருந்து கழற்றியது, மலிவாகக் கிடைத்தது. எங்கள் காருக்கு உரிய எச்.எஸ்.2இன் வாய் ஒன்றேகால் அங்குலம், இது ஒன்றரை அங்குலம். பிளேட் அடித்துப் பொருத்தினோம். ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டி நேராக ஓடும்போது நல்ல இழுவை இருந்தது, மறுக்கமாட்டேன். ஆனால் நான் அங்கே மாதத்துக்கு ஒருமுறைகூட ஓடுவதில்லை. டவுனுக்குள் மூன்றாம் கியரில் மெல்ல மிதித்தால் எஞ்சின் தயங்கும். ஊசி அந்த எஞ்சினுக்கு வெட்டியது இல்லை. இரண்டு ஊசி மாற்றிப் பார்த்தும் ஒரு இடத்தில் சரியானால் இன்னொரு இடத்தில் பிழைக்கும். லீற்றருக்கு 10 கிலோமீற்றர்தான் கிடைத்தது. பதினாலு மாதம் பொறுத்துவிட்டு, மினி வைத்திருக்கும் ஒருவருக்கே கொடுத்துவிட்டேன். எஞ்சினில் வேறு மாற்றம் செய்யாதவர்கள் பெரிய வாய்க்கு ஆசைப்பட வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இடையில் டட்சன் சன்னி காபரேற்றரை மாட்டச் சொன்னவர்களும் உண்டு. அது மேலிருந்து கீழே ஊதுவது, எங்களுடையது பக்கவாட்டில் ஊதுவது. வளைவுக் குழாய் ஒட்டி அதைப் பொருத்த நான் சம்மதிக்கவில்லை.

மைனருக்கு உடற்தகடு வேண்டுமென்றால் இலங்கையிலேயே ஒரு காலம் செய்து இங்கிலாந்துக்குக்கூட அனுப்பினார்கள். எஸ்.யு. காபரேற்றருக்கு அப்படி இல்லை. இன்றைக்கும் புதிதாகச் செய்வது இங்கிலாந்தின் சோல்ஸ்பரியில் இருக்கும் பேர்லன் நிறுவனம். அவர்களுடைய எச்.எஸ்.2 ஒன்றை 2021 டிசம்பரில் லண்டனிலிருந்து வந்த மச்சாள் கைப்பையில் கொண்டுவந்தா. அந்தக் காசுக்கு இங்கே நாலு ரயரும் ஒரு பற்றரியும் எடுத்திருக்கலாம். ஆனாலும் இன்றுவரை அந்தக் காசை நினைத்து வருந்தவில்லை.

ஓர்டர் கொடுக்கும்போது வெறுமனே எச்.எஸ்.2 என்று சொல்லக்கூடாது. மினி, மிட்ஜெற், மைனர் எல்லாவற்றிலும் எச்.எஸ்.2 இருந்தது. பெற்றோல் தேங்கும் மிதவைக் கிண்ணம் சாய்ந்திருக்கும் கோணம், நெம்புகோல்கள், ஊசி எல்லாம் காருக்குக் கார் மாறும். கோணம் பிழைத்தால் கிண்ணம் சரிந்து நிற்கும், பெற்றோல் மட்டமும் பிழைக்கும். 1098 சி.சி. மைனருக்கு உரியது ஏ.என். ஊசி. ஊசியின் எழுத்தை அதன் தண்டிலேயே பொறித்திருப்பார்கள், மாட்டுவதற்கு முன் கண்ணால் பாருங்கள்.

பொருத்துவதற்கு அரை நாள் போதுமாக இருந்தது. ஜெற்றைப் பாலத்தின் (பிஸ்ரனுக்குக் கீழே உள்ள மேடை) மட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஜெற் நட்டை இரண்டு முழுச் சுற்றுக் கீழே இறக்கித் தொடங்கினேன். எஞ்சின் சூடானதும் பிஸ்ரனை அடியிலிருக்கும் சிறு தூக்குக் குச்சியால் ஒரு மயிரிழை தூக்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் சோர்ந்தால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் இலேசாகக் கூடித் திரும்ப இறங்கினால் சரி. எனக்கு அந்தப் புள்ளி கிடைத்தபோது எஞ்சின் சத்தம் அப்படியே மென்மையாகி, பின்னால் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடிப்பதே கேட்டது.

அதற்குப் பிறகு லீற்றருக்கு 13 கிலோமீற்றர். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்தபோது அந்த மூன்று கிலோமீற்றரின் அருமை தெரிந்தது. வாரம் முழுக்கப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அம்மாவின் கிளினிக் எல்லாம் அதிலேயே முடிந்தது.

குறைகளும் உண்டு. மைனரில் காபரேற்றரும் சைலன்சர் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சித்திரை வெயிலில் ஓடி வந்து கடை வாசலில் பத்து நிமிடம் நிறுத்தினால், கிண்ணத்துப் பெற்றோல் கொதித்து உள்ளே வழியும். சோக்கைத் (குளிர் எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டும் இழுப்பான்) தொடாமல் அக்சிலேற்றரை முழுவதும் மிதித்தபடி ஸ்ரார்ட் எடுக்க வேண்டும். காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் தடிப்பான வெப்பத்தடைக் கட்டை ஒன்று வைத்த பிறகு குறைந்தது, முற்றாகப் போகவில்லை.

இரண்டாம் வருடம் திடீரென்று கறுப்புப் புகை வந்தது. எஸ்.யு.வில் சோக் இழுத்தால் ஜெற் கீழே இறங்கும். கேபிள் இறுகியதால் அது முழுவதும் மேலே திரும்பவில்லை. விரலால் தள்ளிவிட்டேன், ஏறிக்கொண்டது. கேபிளுக்கு ஒயில் விட்டதோடு சரி. மூன்றாம் வருடம் கிண்ணத்திலிருந்து ஜெற்றுக்கு வரும் நைலோன் குழாயின் அடியில் ஈரம் கசிந்தது. குழாயும் ஜெற்றும் ஒரே சாமான் என்பதால் முழுதாக மாற்ற வேண்டியிருந்தது.

பிஸ்ரன் துள்ளாமல் தடுக்கும் டாஷ்பொட் ஒயிலையும் சொல்ல வேண்டும். முதலில் தையல் மெஷின் ஒயில் விட்டேன். சடுதியாக மிதித்தால் பிஸ்ரன் துள்ளி எழும்பி, எஞ்சின் ஒரு மூச்சுத் தவறியது. 20 இலக்க ஒயிலுக்கு மாற்றியதும் அது நின்றது.

பழைய காபரேற்றரை எறியவில்லை. அதன் மேல்மூடியும் பிஸ்ரனும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்த சோடி என்பதால் பிரிக்காமல் சீலையில் சுற்றி வைத்திருக்கிறேன். ஜிக் வைத்து ஒழுங்காக புஷ் அடிக்கக்கூடிய பட்டறை வடக்கில் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், கொண்டுபோகிறேன்.