போத்தலா, பக்கத்துச் சாடியா?

ஸ்பைடர் பிளான்ட், அதாவது கொடி நுனியில் குட்டிச் செடிகள் விடும் அந்தச் சாடிச் செடி, தொங்குகிற வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது. "இந்தா, ரெண்டு குட்டி கொண்டு போ" என்று நறுக்கித் தந்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசனை: தண்ணீரில் போடுவதா, மண்ணில் வைப்பதா?

கல்லடியில் எங்கள் வீட்டில் முதலில் ஜாம் போத்தல்தான். அதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. குட்டியின் அடியில் மிளகு மாதிரி முட்டிக்கொண்டு நிற்பவை ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை வேராக நீளும். மகள் பள்ளிக்கூடம் போகுமுன் போத்தலைத் தூக்கிப் பார்க்காமல் போகமாட்டாள். ஆனால் நுளம்பு முட்டை நுளம்பாவதற்கும் ஏறக்குறைய அதே நாட்கள்தான் வேண்டும். டெங்குக் காலத்தில் ஜன்னலில் போத்தல் வைப்பவர் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை தண்ணீரை ஊற்றி மாற்றத்தான் வேண்டும். அதோடு, வேர் ஒரு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். நான் அழகு பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். நீண்டுபோன வேர் மண்ணில் ஒடிந்து, மூன்று குட்டி போயிற்று.

மச்சாள் குட்டியை வெட்டுவதே இல்லை. தாய்ச் சாடிக்குப் பக்கத்தில் யோகட் கப், அடியில் ஓட்டை, உள்ளே மணலும் கொம்போஸ்டும். கொடியோடு குட்டியை அதன் மேல் உட்காரவைத்து, பச்சை ஈர்க்கை வளைத்துக் குத்திவிடுவார். "தொப்புள்கொடிய ஏன் அவசரப்பட்டு அறுக்கிறீங்க?" என்பது அவர் கேள்வி. சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் அதன் அர்த்தம் புரிந்தது. வெட்டி நட்ட குட்டி இரண்டே நாளில் துவண்டது. வெட்டாதது தாயிடம் குடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. மூன்று நான்கு வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பார்த்து, அசையவில்லையென்றால் கொடியை அறுக்கலாம். சாடியை நகர்த்த முடியாது, இடம் வேண்டும். அவ்வளவுதான் தொல்லை. வெட்டி நேரே மண்ணில் நடுவதென்றால் காற்றில் ஈரமுள்ள மாரி நாட்கள் பரவாயில்லை, ஆனால் சாடியில் தண்ணீர் தேங்கக் கூடாது.

சாடி நிறைந்து தாய்ச்செடி பிதுங்கினால் செடியை வேரோடு பிரிப்பதுதான் வேகம். சாத்தாவாரி வேர்போலத் தடித்த வெள்ளை வேர்கள், கத்தியால் பிளந்தால் அன்றைக்கே இரண்டு செடி. விதையை விட்டுவிடுங்கள். வெள்ளைக் கோடு போட்ட வகையின் விதையில் பெரும்பாலும் வெறும் பச்சைதான் வரும். தனி இலையை நட்டால் ஒன்றுமே வராது.

எந்த முறையானாலும் தேங்காய்த் தும்புத்தூளைக் கழுவாமல் போடாதீர்கள். அதன் உப்பும், வெயில் காலத்தில் உவர்க்கிற எங்கள் கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்தால் இலை நுனி கருகும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது, மூடி போட்டு.

இப்போது நானும் யோகட் கப்புக்கு மாறிவிட்டேன். ஜன்னலில் ஒரே ஒரு போத்தல் மிச்சம். தண்ணீர் மாற்றுவது மகளின் வேலை.