மைனஸ் ஐந்தரைக் கண்ணுக்கு ஒரு கடல் மாஸ்க்

கடலில் மிதந்தபடியே மீன் பார்க்க முகத்தில் மாட்டும் ஸ்நார்க்கல் மாஸ்க் ஒன்று என்னிடம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதன் வலது பக்கிள் உடைந்தது. கடலில் இல்லை, வீட்டில்தான். பீரோவிலிருந்து எடுத்துத் துடைத்து நாடாவைக் கொஞ்சம் இழுத்தேன், டப்பென்று கையோடு வந்துவிட்டது. கட்டைவிரல் நகம் அளவு பிளாஸ்டிக். அது இல்லாமல் நாடா நிற்காது. நாடா இல்லாமல் மாஸ்க் முகத்தில் நிற்காது.

அன்று இரவே நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, பிப்ரவரியில நாங்க அந்தமான் போறோம். குழந்தைங்களுக்கும் சேர்த்து ஸ்நார்க்கலிங் செட் வாங்கணும். நீங்க வாங்கினதையே வாங்கிடட்டுமா?" இந்த மூன்று வருடத்தில் வேறு எந்த நாள் கேட்டிருந்தாலும் யோசிக்காமல் சரி என்றிருப்பேன். அன்று வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். அவளுக்கு எழுத ஆரம்பித்ததுதான் இப்படி நீண்டுவிட்டது.

எனக்கு வலது கண் மைனஸ் ஐந்தரை, இடது கண் ஐந்து. ஏழாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. 2016-இல் முதல்முறை அந்தமான் போனபோது நார்த் பே தீவில் இறங்கினோம். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னை மரங்களோடு ஒரு கரை வருமே, அந்தக் கரை. அங்கே வாடகை மாஸ்க் கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட முகத்தில் மாஸ்க் ஒட்டாது, காது பக்கம் வரும் கம்பி வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டியிருந்தது. கான்டாக்ட் லென்ஸோடு கடலில் இறங்கவே கூடாது, கண்ணில் கிருமி தொற்றும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே அந்த அரை மணி நேரம் நான் பார்த்ததெல்லாம் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு கலங்கல். வழிகாட்டிப் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே பார், இங்கே பார் என்று சுட்டிக்காட்டினான். நான் தலையாட்டினேன். கரையேறியதும் மகள், "அம்மா, அந்த ஆரஞ்சு மீனைப் பாத்தியா?" என்றாள். பார்த்தேன் என்று அவளிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய் ஆறு வருடம் உறுத்திக்கொண்டே இருந்தது.

மாஸ்க்கில் பவர் லென்ஸ் போட முடியும் என்பது 2022 கடைசியில்தான் தெரிந்தது. ஒரே பெரிய கண்ணாடி உள்ள மாஸ்க்கில் முடியாது. இரண்டு தனித்தனிக் கண்ணாடி உள்ள ஃபிரேமாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதே வடிவத்தில் கம்பெனியே அரை அரைப் புள்ளியாகத் தயார் செய்து வைத்திருக்கும் லென்ஸை மாட்டலாம். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் வாங்கலாம். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததற்குக் கொடுப்பது) இந்த ரெடிமேட் லென்ஸில் வராது. என் சிலிண்டர் முக்கால்தான், அதனால் பெரிய குறை தெரியவில்லை. தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்த்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், ஆகவே அரைப் புள்ளி குறைத்தே வாங்குங்கள் என்று கடைக்காரர் சொன்னார். வலதுக்கு ஐந்து, இடதுக்கு நாலரை வாங்கினேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

2023 ஜனவரி, நீல் தீவு. இப்போது ஷஹீத் தீவு என்று பெயர். பரத்பூர் கடற்கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முகத்தை உள்ளே வைத்தேன். முதலில் தெரிந்தது மீன்கூட இல்லை, மணல். மணலில் ஒவ்வொரு பருக்கையும் தெரிந்தது. பிறகு என் கால்விரல். அதன் பக்கத்தில் கறுப்பாக ஒரு கடல் அட்டை. இன்னும் கொஞ்சம் மிதந்து போனதும் கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கும் சத்தம் கேட்டது, பட்டாணி கடிப்பதைப் போல. 2016-இலும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. என்னவென்று தெரியாமல் இருந்தேன். இப்போது கடிக்கும் வாயைப் பார்க்கிறேன், கடித்த பவளம் பின்னால் பொடி மணலாக வெளியே வருவதையும் பார்க்கிறேன். கடல் சாமந்தியின் விரல்களுக்குள்ளே அந்த ஆரஞ்சு மீன் இருந்தது. உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை. எண்ணினேன். மாஸ்க்குக்குள் அழுதால் துடைக்க வழியில்லை என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நாத்தனாரே, உன் பெரியவள் கண்ணாடி போடுகிறாள். அவளுக்கு இது இல்லாமல் கடலுக்குக் கூட்டிப் போகாதே. மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடி, இதில் மட்டும் வேண்டாம்.

மற்ற சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பெட்டியில் நான்கு பேருக்கும் சேர்த்து வரும் 'ஃபேமிலி பேக்' வாங்கவே வாங்காதே. நாங்கள் முதலில் அதைத்தான் வாங்கினோம். மாஸ்க்கின் ஓரம் சிலிக்கான் இல்லை, பிவிசி. கையில் தொட்டாலே விறைப்பாக இருக்கும். அப்போது ஏழு வயதான என் மகனின் சின்ன முகத்தில் அது எந்தப் பக்கமும் ஒட்டவில்லை. தண்ணீர் புகப் புக நான் நாடாவை இறுக்கினேன், முகத்தில் சிவந்த தடம் விழுந்தது, அப்போதும் தண்ணீர் நிற்கவில்லை. அவன் இனிமேல் கடலே வேண்டாம் என்று கரையில் போய் உட்கார்ந்துவிட்டான். நாடாவை இறுக்குவதால் மாஸ்க் ஒட்டாது. முகத்தின் வடிவத்துக்குப் பொருந்தினால்தான் ஒட்டும். கடையிலேயே சோதிக்கலாம். முடியை ஒதுக்கிவிட்டு, நாடாவை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்துக் கையை எடு. விழாமல் நின்றால் அந்த முகத்துக்கு அந்த மாஸ்க். குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போய் அளவு பார்த்து வாங்க முடியாது.

வாயில் கடித்து மூச்சு விடும் குழாயும் சின்னவனுக்குச் சின்னதாகவே வேண்டும். பெரியவர்கள் குழாயைக் கொடுத்தால் அவன் விட்ட மூச்சே குழாய்க்குள் தங்கி மறுபடி உள்ளே போகும். முகம் முழுக்க மூடும் மாஸ்க்கைப் பற்றியும் கேட்டாய். டெகாத்லான் 2014-இல் கொண்டுவந்த பிறகு எல்லாக் கரையிலும் அதன் நகல்கள்தான். வாயில் குழாயைக் கடிக்க வேண்டாம் என்பது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூக்கைப் பிடிக்க முடியாது, ஆகவே காதடைப்பை எடுத்துவிட்டு ஆழம் போக வழியில்லை. தண்ணீர் புகுந்தால் முழுவதையும் கழற்றியாக வேண்டும். மகள் ஒருமுறை வாடகைக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று வந்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது கிடையாது.

துடுப்புச் செருப்பை அங்கேயே வாடகைக்கு எடு. லைஃப் ஜாக்கெட்டை நீச்சல் தெரிந்தாலும் போடு. சன் ஸ்க்ரீனைவிட முழுக்கை நீச்சல் சட்டை நல்லது. முதுகும் கருகாது, பவளத்துக்கும் கெடுதி இல்லை. சில சன் ஸ்க்ரீன் ரசாயனங்கள் பவளத்தைக் கெடுக்கும் என்று ஹவாயில் 2021-லிருந்து அவற்றின் விற்பனையையே தடுத்திருக்கிறார்கள்.

உன் அண்ணனுக்கு மீசை வழியாகத் தண்ணீர் வரும். எடுக்க மாட்டேன் என்று முதல் நாள் பிடிவாதம். இரண்டாம் நாள் மூக்குக்கு நேர் கீழே ஓர் அரிசி அகலம் மட்டும் மழித்தார், நின்றுவிட்டது. உன் வீட்டுக்காரரிடமும் சொல்.

புது மாஸ்க்கில் உள்பக்கம் ஒரு மெல்லிய படலம் இருக்கும், அதனால்தான் புகை படிந்ததுபோல் மங்கும். வெள்ளைப் பற்பசையால் (ஜெல் வேண்டாம்) மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். கடலில் இறங்கும் முன் ஒரு சொட்டு பேபி ஷாம்பு தடவி லேசாக அலசினால் போதும். எச்சில் துப்பித் தடவுவதுதான் அங்கே எல்லோரும் செய்வது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

இப்போது நாடா. எனக்கும் மகளுக்கும் நீள முடி. சிலிக்கான் நாடா முடியைக் கவ்விக்கொள்ளும். கழற்றும்போது கொத்தாக முடி வரும், கண்ணில் நீர் வரும். எண்ணெய் வைத்துப் பின்னினால் நாடா வழுக்கி மேலே ஏறிவிடும். மூன்று வருடமும் இதே தொல்லை. மாஸ்க் செய்கிறவர்கள் யாருடைய தலையை வைத்து அளவெடுக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் எங்கள் தெரு டெய்லரம்மாவிடம் பழைய நீச்சலுடைத் துணியைக் கொடுத்து நாடாவுக்கு உறை தைத்து வாங்கினேன். நாற்பது ரூபாய். அன்றிலிருந்து முடி பிய்வதில்லை.

ஆனால் அந்த உறை போட்டதும் நாடா தடித்துவிட்டது, பக்கிளில் இழுத்துச் சரிசெய்வது கொஞ்சம் கஷ்டம். பக்கிள் உடைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நியாயமாகப் பார்த்தால் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நியாயத்துக்காக இன்னொன்றும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் அலசினால் வெள்ளையாகப் படியும் என்று குடிக்கிற தண்ணீரிலேயே அலசினேன். சிலிக்கான் ஓரம் கொஞ்சம் மஞ்சளாகியிருக்கிறது, அவ்வளவுதான். லென்ஸில் ஒரு கீறல் இல்லை. 2024 ஆகஸ்டில் திருகோணமலை போனபோதும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் புறாத்தீவு. 2003-இல் தேசியப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். நம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் கொந்தளிக்கும் கடல்தான் அங்கேயும். அதனால் மே முதல் செப்டம்பர் வரைதான் அந்தக் கரை தெளிந்திருக்கும். படகுக்காரர் இறங்கும் முன் சொன்னார்: "அக்கா, முருகைக்கல்லில மட்டும் கால் வைக்க வேணாம்." பவளப்பாறைக்கு அங்கே முருகைக்கல் என்று பெயர். அந்த வார்த்தையை அன்றிலிருந்து நானும் விடவில்லை. துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் ஆழமில்லாத இடத்திலேயே வந்து போயின. மகன் (இந்தமுறை அவன் முகத்துக்குப் பொருந்திய மாஸ்க்கோடு) என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டே பார்த்தான், பயத்தில் இல்லை. கரையின் ஒரு பக்கம் மணலே இல்லை, முழுக்க உடைந்த முருகைக்கல் துண்டுகள். கடலுக்குள்ளும் சாம்பல் நிறத்தில் நொறுங்கிக் கிடந்த இடங்கள் உண்டு. நன்றாகத் தெரியும் கண்ணுக்கு அதுவும் நன்றாகத் தெரிகிறது. திரும்பி வந்த படகில் நாங்கள் அதிகம் பேசவில்லை.

இவ்வளவும் கொடுத்த மாஸ்க்குக்கு ஒரு பக்கிள் கேட்டு இந்த வாரம் நான்கு முறை போன் செய்தேன். வாங்கிய கடையில், உதிரி பாகம் தனியாக வருவதில்லை என்றார்கள். கம்பெனியின் இந்திய ஏஜென்ட் எண்ணில் பேசிய பெண், "மேடம், அந்த மாடல் நிறுத்திட்டாங்க, புதுசு எடுத்துக்கோங்க" என்றாள். என் லென்ஸ்கள் புது மாடலில் பொருந்துமா என்று கேட்டேன். பொருந்தாதாம். அந்த லென்ஸுக்கு நான் மாஸ்க்கைவிட அதிகம் கொடுத்திருக்கிறேன். கண்ணாடிக் கடையில் ஐந்து ரூபாய் ஸ்க்ரூ தொலைந்தால் அங்கேயே மாட்டித் தருகிறார்கள். ஒரு மனுஷியின் பார்வையைத் தாங்கும் பொருளை விற்றுவிட்டு, அதைத் தாங்கும் பிளாஸ்டிக்கை விற்க மாட்டேன் என்பது என்ன வியாபாரம்?

ஆகவே, இதே மாஸ்க்கை வாங்காதே. மேலே எழுதிய எல்லாமும் உண்மை, இருந்தும் வாங்காதே. பவர் லென்ஸ் மாட்டக்கூடிய இரட்டைக் கண்ணாடி மாஸ்க் வேறு கம்பெனிகளிலும் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன் பக்கிளும் நாடாவும் தனியாகக் கிடைக்குமா என்று கேள். கிடைக்கும் என்றால் அன்றைக்கே ஒரு ஜோடி சேர்த்து வாங்கிவிடு. என் லென்ஸ்கள் இரண்டும் பருத்தித் துணியில் சுற்றி பீரோவில் இருக்கின்றன. டெய்லரம்மா ஒரு கொக்கி வைத்துத் தைத்துப் பார்க்கிறேன் என்று மாஸ்க்கை வாங்கிப் போயிருக்கிறார்.

பெரியவளின் பவரை இந்த வாரமே சோதித்துச் சீட்டை அனுப்பு. எனக்கு லென்ஸ் வந்துசேர மூன்று வாரம் ஆனது. பிப்ரவரிக்கு முன் வந்தாக வேண்டும்.