ஸ்டாக்கா, ரெஜிஸ்டரா: சொந்தமாக மொழி எழுதுபவர் எதை எடுப்பது?

சொந்தமாக ஒரு நிரல்மொழி எழுத உட்காருபவருக்குச் சீக்கிரமே இந்தக் கேள்வி வந்துவிடும். நிரலைக் கம்பைலர் பைட்கோடாக, அதாவது சிறு கட்டளைகளின் வரிசையாக, மாற்றுகிறது. அதை ஓட்டும் மெய்நிகர் (மென்பொருளாலான) இயந்திரத்தை, மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலிருந்து எடுக்கும் ஸ்டாக் முறையில் கட்டுவதா, எண்ணிட்ட இடங்களில் வைத்து எடுக்கும் ரெஜிஸ்டர் முறையில் கட்டுவதா? ஜாவா, சிபைத்தான் (பைத்தானை ஓட்டும் வழக்கமான மென்பொருள்), பிரௌசர்களில் ஓடும் வெப்அசெம்பிளி மூன்றும் ஸ்டாக் பக்கம். லுவா மொழியும் பழைய ஆண்ட்ராய்டின் டால்விக் இயந்திரமும் ரெஜிஸ்டர் பக்கம்.

வித்தியாசத்தைப் பார்க்க ஒரு கூட்டல் போதும். இரண்டு முழு எண்களைக் கூட்டி மூன்றாவது மாறியில் வைக்க வேண்டும். ஜாவா இயந்திரத்தில் இதற்கு நான்கு கட்டளைகள்: முதல் எண்ணை ஸ்டாக்கில் ஏற்று, இரண்டாவதை ஏற்று, மேலிருக்கும் இரண்டையும் எடுத்துக் கூட்டி விடையை அங்கேயே வை, அதை இறக்கி மாறியில் போடு. டால்விக்கில் ஒன்றே ஒன்று: வி1, வி2 என்ற ரெஜிஸ்டர்கள் இரண்டையும் கூட்டி வி0-இல் வை. அளவு என்னவோ இரண்டிலும் 4 பைட்தான். (ஜாவாவில் முதல் சில மாறிகளுக்கு ஒரு பைட் கட்டளைகள் உண்டு.)

அப்புறம் வேகம் எங்கே மாறுகிறது? பைட்கோடைக் கட்டளை கட்டளையாகப் படித்து ஓட்டும் இன்டர்ப்ரெட்டரில் கூட்டுவது மலிவான வேலை. அடுத்த கட்டளை எது என்று பார்த்து, அதற்குரிய இடத்துக்குத் தாவுவதுதான் செலவு. அந்தத் தாவலைச் செயலி தவறாக ஊகித்தால், தொடங்கிய வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப வர வேண்டும். நான்கு தாவல் ஒன்றாகிறது என்பதுதான் ரெஜிஸ்டர் முறையின் லாபம்.

இதை வாய்ச்சண்டையாக விடாமல் அளந்து பார்த்தவர்கள் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டேவிட் கிரெக், வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆன்டன் எர்ட்டில் உள்ளிட்ட நால்வர். ஜாவாவின் ஸ்டாக் கோடையே ரெஜிஸ்டர் கோடாக மாற்றி ஓட்டி, 2005-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓடிய கட்டளைகள் சராசரியாக 47% குறைந்தன, பைட்கோடின் அளவு 25% பெருத்தது. பென்டியம் 4 செயலியில் சி மொழியின் சாதாரண ஸ்விட்ச் வழியாகத் தாவியபோது ஓட்ட நேரம் 32.3% குறைந்தது. தாவலை மலிவாக்கும் திரெடட் முறையைக் கொடுத்த பிறகும் 26.5% குறைந்தது. எனக்கு இந்த ஆய்வில் பிடித்ததே அந்தக் கடைசி எண்தான். தாவலை மலிவாக்கினால் ஸ்டாக் முறைக்குத்தான் அதிக நன்மை. அதையும் கொடுத்துவிட்டுத்தான் ஒப்பிட்டிருக்கிறார்கள்.

ஆனால் நேரக் கணக்கை அப்படியே இன்றைக்குக் கொண்டு வரக் கூடாது. பென்டியம் 4-இல் தவறான ஊகத்துக்குத் தண்டனை கடுமை. இன்றைய செயலிகள் இந்தத் தாவல்களை நன்றாகவே ஊகிக்கின்றன. 47% என்பது கட்டளைகளின் எண்ணிக்கை. செயலி மாறினாலும் அது மாறாது.

ஸ்டாக் பக்கத்தின் உண்மையான பலம் கம்பைலர் எழுதும் சுலபம். இடப்பக்கத்துக்குக் கோடு எழுது, வலப்பக்கத்துக்கு எழுது, கூட்டல் போன்ற செயலுக்கான கட்டளையைப் போடு, முடிந்தது. எந்த ரெஜிஸ்டர் காலியாக இருக்கிறது என்ற கவலையே இல்லை. சரி, அந்தக் கவலை எவ்வளவு பெரியது? லுவாவைப் பாருங்கள். 4.0 வரை ஸ்டாக்கில் இருந்த மொழி, 2003-இல் வந்த 5.0-இல் ரெஜிஸ்டருக்கு மாறியது. உள்மாறிகளை நேரே ரெஜிஸ்டர்களில் உட்கார வைத்தார்கள். கம்பைலர் இன்றும் மூலநிரலை ஒரே நடையில்தான் படித்து முடிக்கிறது. ஒரு ஃபங்ஷனில் 200 உள்மாறிகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பு மட்டும் உண்டு. இருநூறைத் தாண்டும் ஃபங்ஷனைப் பிரித்து எழுதுவதே நல்லது.

ஓடும்போதே பைட்கோடைச் செயலியின் சொந்தக் கட்டளைகளாக மாற்றும் ஜேஐடி கம்பைலர் வந்துவிட்டால் இந்தச் சண்டைக்குப் பெரிய வேலை இல்லை. ஜாவாவின் ஹாட்ஸ்பாட் இயந்திரம் ஸ்டாக் கோடைத் தன் சொந்த வடிவத்துக்கு மாற்றிக்கொண்டுதான் மெருகேற்றுகிறது. வெப்அசெம்பிளி ஸ்டாக்கை எடுத்ததும் அதனால் சரியே: அது பிரௌசருக்குப் பயணம் போகும் வடிவம், சிறியதாகவும் ஒரே நடையில் சரிபார்க்கக் கூடியதாகவும் இருந்தால் போதும்.

ஆகவே உங்கள் மொழியைக் கடைசிவரை இன்டர்ப்ரெட்டர்தான் ஓட்டப்போகிறது என்றால், தயங்காமல் ரெஜிஸ்டர் முறையை எடுங்கள். ஸ்டாக்கை விடாத சிபைத்தானே தாவலைக் குறைக்கத்தான் பார்க்கிறது. பைத்தான் 3.13-இல் இரண்டு மாறிகளைக் கூட்டும் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, பைட்கோடைக் காட்டும் டிஸ் (dis) மாட்யூலில் போட்டுப் பாருங்கள். இரண்டையும் ஸ்டாக்கில் ஏற்ற ஒரே கட்டளை வந்திருக்கும்.