கருவைக் காட்டை வெட்ட எந்த பிரஷ் கட்டர்?

எட்டு வருடம் உழாமல் கிடந்த நிலம் எப்படியிருக்கும் என்று சிவகங்கைப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் மூன்று ஏக்கரில் வரப்பு எது, வாய்க்கால் எது என்றே தெரியாதபடி சீமைக் கருவேலம் மண்டியிருந்தது. நடுவே நாயுருவி, துத்தி, இடுப்பளவு புல். அதை வெட்டுவதற்காகச் சொந்தமாக ஒன்று, இரவல், வாடகை என்று நீளக் குழாயின் நுனியில் பிளேடு சுற்றும் பெட்ரோல் பிரஷ் கட்டரில் நான்கு விதத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் வாங்கியது 52 சிசி என்று ஸ்டிக்கர் ஒட்டிய, பெயர் தெரியாத டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் வகை) மிஷின். விலை குறைவு, சிசி அதிகம், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். புல்லில் நன்றாகவே ஓடியது. கருவைக்குள் போன இரண்டாவது வாரம் கிளட்ச் கருகும் வாடை வந்தது, அப்புறம் பிளேடைச் சுழற்றும் கியர் ஹெட்டில் பல் தேய்ந்து பிளேடு சுற்றுவது நின்றது. இந்த வகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்: உதிரி பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், ஒரு மாடலின் பாகம் இன்னொன்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ரிப்பேருக்கு அலைந்த நாட்களையும் விலையோடு சேர்த்தால் அது மலிவான மிஷின் இல்லை.

சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு. பிளேடுக்கு வந்து சேரும் வலுவைத் தெரிந்துகொள்ள கிலோவாட் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். ஸ்டில் எஃப்.எஸ். 250 என்ற டூ ஸ்ட்ரோக் மிஷின் வெறும் 40.2 சிசிதான், ஆனால் 1.6 கிலோவாட் தருகிறது. அதாவது ஏறக்குறைய 2.1 குதிரைத் திறன். பிளேடும் பெட்ரோலும் சேர்க்காமல் எடை 6.3 கிலோ. ஹோண்டா யு.எம்.கே. 435-இல் இருப்பது 35.8 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின், 1 கிலோவாட். எடை ஏழு கிலோவைத் தாண்டும்.

கட்டைவிரல் தடிமனுக்கு மேல் கருவை இருந்தால் என் ஓட்டு 40 சிசி டூ ஸ்ட்ரோக்குக்குத்தான். தூரில் பிளேடு மோதும்போது வேகம் இறங்கினாலும் சட்டென்று மீண்டு வருகிறது. ஒரே மூச்சில் ஒரு டேங்க் ஓட்டினாலும் தளரவில்லை. தொந்தரவு எண்ணெய் கலப்பதில் இருக்கிறது. ஸ்டில் நிறுவனத்தின் சொந்த எண்ணெய் என்றால் 1:50, லிட்டருக்கு 20 மில்லி. சீன மிஷின்கள் பலவற்றுக்கு 1:25, லிட்டருக்கு 40 மில்லி. கூலியாள் மறந்துபோய் வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அத்தோடு இன்ஜின் போச்சு. கலக்கும் வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்தக் கவலை இல்லை. பெட்ரோல் தனி, எண்ணெய் தனி. புகை குறைவு, சத்தமும் காதைக் கிழிக்காது, பெட்ரோலும் மிச்சம். தென்னந்தோப்பில் புல்லும் பார்த்தீனியமும் வெட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். ஆனால் அந்தக் குட்டி இன்ஜினுக்குள் பிடிக்கும் எண்ணெய் 100 மில்லிதான். வேலைக்கு முன் தினமும் அளவு பார்த்தே ஆக வேண்டும். கருவைத் தூரில் அது திணறியதை நானே பார்த்தேன். அது மிஷினின் குறை இல்லை, வேலை அதற்கானது இல்லை.

முதுகில் மாட்டும் பேக் பேக் வகையைப் பலர் சிபாரிசு செய்தார்கள். இன்ஜின் பாரம் முதுகில் இருப்பதால் வரப்புச் சரிவில் புல் வெட்ட அது அருமை. முள் காட்டுக்கு வேண்டவே வேண்டாம். வளையும் ஷாஃப்ட் என்பதால் பிளேடு துள்ளும்போது அடக்கிப் பிடிப்பது கஷ்டம். தீப்பிடித்தாலோ குளவி கிளம்பினாலோ இரண்டு தோளிலிருந்தும் கழற்றிப் போட நேரம் வேண்டும். தோள் பெல்ட்டில் மாட்டிப் பக்கவாட்டில் தொங்கவிடும் சைடு பேக்கில், சைக்கிள் ஹேண்டில் போன்ற பிடி இருப்பதை எடுங்கள். அந்தப் பிடி பிளேடைக் காலிடம் நெருங்கவிடாது.

பிளேடு மாற்றினால் மிஷினே மாறியதுபோல இருக்கும். நைலான் கயிறு புல்லுக்கு மட்டும். விரல் தடிமன் செடிக்கு மூன்று பல் பிளேடு. அதற்கு மேல் ரம்பப் பல் வட்ட பிளேடு. நுனியில் கார்பைடு ஒட்டிய 40 பல், 80 பல் பிளேடுகள் மரத்தை வெண்ணெய்போல அறுக்கும், ஆனால் எங்கள் சரளை மண்ணில் கல்லில் பட்டால் அந்தத் துண்டு தெறித்துப் பறக்கும். கல் நிலத்தில் அதை மாட்டாதீர்கள். எந்த பிளேடானாலும் 15 மீட்டருக்குள் ஆள் நிற்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் பிளேடு இடஞ்சுழியாகச் சுற்றும், அதனால் இடது பக்கத்தால் வெட்டுங்கள். முன்பக்க வலது ஓரம் தூரில் பட்டால் மிஷின் வெடுக்கென்று வலப்பக்கம் எகிறும். எனக்கு ஒருமுறை எகிறியது, பெல்ட் போட்டிருந்ததால் தப்பித்தேன்.

வாங்குவதற்கு முன் வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் கேளுங்கள். சிறு, குறு, பெண், ஆதிதிராவிட விவசாயிகளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் சதவீதம் என்று உச்சவரம்போடு தருகிறார்கள். பட்டியலில் உள்ள மாடலுக்கு மட்டுமே கிடைக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. பிரஷ் கட்டர் கருவையை வெட்டும், சாகடிக்காது. ஒரு மழை பெய்தால் தூரிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். நாங்கள் வெட்டி முடித்ததும் ஜேசிபி விட்டுத் தூரைப் பிடுங்கினோம். இப்போது அங்கே முளைப்பது புல்லும் கருவைக் கன்றும்தான், அதற்கு ஃபோர் ஸ்ட்ரோக்கே தாராளம். ஒரே தடவை அழித்தால் போதும் என்ற நிலமானால், பெரிய டூ ஸ்ட்ரோக்கை ஆளோடு வாடகைக்குப் பிடித்து முடித்துவிட்டு, ஃபோர் ஸ்ட்ரோக்கைச் சொந்தமாக வாங்குங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்துதான் ஒரு மிஷினின் காசை விட்டேன்.