எஞ்சினியர் பி.ஏ-09: சர்வோ வயரைக் குட்டையாக்க வாங்கிய பிளையர்

என்னிடம் ஓடுவது டமியா டி.டி-02 என்ற ரிமோட் கார். நிஜக் காரில் 1/10 அளவு, மோட்டாரின் சுழற்சியை ஷாஃப்ட் என்ற தண்டு நான்கு சக்கரத்துக்கும் கொண்டுபோகும் வண்டி. அதில் சர்வோவிலிருந்து (ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்) ரிசீவர் வரைக்கும் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பெட்டி) ஸ்கேல் வைத்து அளந்தேன், 9 சென்டிமீட்டர்தான். சர்வோவோடு வந்த வயர் 30 சென்டிமீட்டர். மிச்சத்தைச் சுருட்டி, கேபிள் டை போட்டு, ரிசீவர் பக்கத்தில் செருகி வைத்து இரண்டு வருஷம் ஓட்டினேன். ஒரு ஞாயிறு காலை டை அறுந்து சுருள் அவிழ்ந்துவிட்டது. வயர் சுழலும் ஷாஃப்ட்டில் உரசி, இன்சுலேஷன் தேய்ந்து செம்பு தெரிந்தது. மின்சாரம் போகும் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் ஒன்றையொன்று தொட்டிருந்தால் ரிசீவருக்கு மின்சாரமே போயிருக்காது. முழு வேகத்தில் ஓடும் வண்டிக்கு அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் பதறுகிறது.

சரி, வயரைக் குட்டையாக்கியே தீருவது என்று உட்கார்ந்தேன். நடுவில் வெட்டி, சோல்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) போடலாம். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஊறிப்போய், அந்த இடம் கம்பி போல விறைத்துவிடுகிறது. விறைத்த பகுதி முடிந்து மெத்தென்ற வயர் தொடங்கும் இடத்தில்தான் அதிர்வு முழுவதும் போய் விழும். அங்கேதான் முறியும். மூன்று வயருக்கு மூன்று முடிச்சு என்று பார்வைக்கும் தடியாக இருக்கும். அதனால் வயர் முனையில் உள்ள கனெக்டரிலிருந்து உலோகப் பின்னைக் கழற்றி, வயரை வெட்டி, புதுப் பின்னைக் கிரிம்ப் செய்வதே, அதாவது பின்னின் சிறகுகளை வயர்மேல் மடக்கி அழுத்திப் பிடிக்க வைப்பதே சரியான வழி என்று முடிவு செய்தேன்.

அதற்காக முதலில் வாங்கியது ஒரு மலிவான ராட்செட் பிளையர். பெயர் வேண்டாம். ராட்செட் என்றால் முழுதாக அழுத்தி முடிக்கும் வரை வாய் திறக்காது, யார் அழுத்தினாலும் ஒரே அழுத்தம் கிடைக்கும் என்பது கணக்கு. நான் வாங்கியதில் அச்சு, அதாவது பின்னை வைத்து அழுத்தும் பள்ளம், இந்தச் சின்னப் பின்னுக்குப் பெரியது. இன்சுலேஷனைப் பிடிக்க வேண்டிய சிறகு அதைக் குத்திக் கிழித்தது, செம்பைப் பிடிக்க வேண்டிய சிறகோ தளர்வாகவே நின்றது. இழுத்துப் பார்க்காமல் வண்டியில் மாட்டிவிட்டேன். மைதானத்தில் அக்கா மகன் ஓட்டிக்கொண்டிருந்தான். "மாமா, ஸ்டியரிங் திரும்பல மாமா!" என்று அவன் கத்தும்போதே வண்டி காம்பவுண்டு சுவரில் மோதி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் உடைந்தது. திறந்து பார்த்தால் சிக்னல் வயர் பின்னிலிருந்து நழுவி வெளியே வந்திருந்தது.

பி.ஏ-09 அதற்குப் பிறகு வந்தது. எஞ்சினியர் என்பது ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த கருவி நிறுவனம். அந்த ஊரிலேயே வேலை பார்க்கும் என் நண்பர் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது வாங்கி வந்தார். நீளம் 175 மில்லிமீட்டர். வாயில் நான்கு அச்சுகள்: 1.0, 1.4, 1.6, 1.9 மில்லிமீட்டர். ராட்செட் கிடையாது. இதைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பத்துப் பதினைந்து பின் போட்ட பிறகுதான் அது இல்லாததே நல்லது என்று புரிந்தது. உலோகம் மடங்கும்போது கைக்குத் தெரிகிறது. போதும் என்று கை சொல்லும் இடத்தில் நிறுத்தலாம், போதவில்லை என்றால் ஒரு அச்சு கீழே இறங்கி இன்னொரு முறை அழுத்தலாம்.

நான் செய்வது இப்படி. முதலில் வயர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்வேன். ஃபுட்டாபா கம்பெனி சர்வோ என்றால் கறுப்பு, சிவப்பு, வெள்ளை. ஜே.ஆர். என்றால் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு. எதிலும் சிவப்பு நடுவில்தான் என்றாலும் ஓரத்து இரண்டும் இடம் மாறினால் சர்வோ அசையாது. பிறகு கனெக்டரில் உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கை ஊசி முனையால் மெல்லத் தூக்கினால் பின் வழுக்கிக்கொண்டு வரும். நாக்கை முறித்துவிடக் கூடாது, அதே ஹவுசிங்கைத்தான் (கனெக்டரின் பிளாஸ்டிக் கூடு) திரும்பவும் மாட்டப்போகிறோம். அளந்த தூரத்துக்கு மேல் 2 சென்டிமீட்டர் விட்டு வெட்டுகிறேன். நாளைக்கு ஒரு பின் கெட்டுப்போனால் மறுபடி வெட்ட இடம் வேண்டுமல்லவா?

இன்சுலேஷனை 2 மில்லிமீட்டர்தான் உரிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் செம்பு நீண்டு, எதிர்ப்பக்கப் பின் வந்து நுழையும் இடத்தில் போய் இடிக்கும். பின்னில் இரண்டு ஜோடி சிறகு இருக்கிறது. முன்ஜோடி செம்புக்கு, பின்ஜோடி இன்சுலேஷனுக்கு. செம்புச் சிறகை 1.6-இல் வளைத்து 1.4-இல் இறுக்குகிறேன். இன்சுலேஷன் சிறகுக்கு 1.9-இலேயே ஆரம்பித்து, தளர்வாகத் தெரிந்தால் 1.6. பிளையரின் தாடை மெலிதாக இருப்பதால் ஒரு ஜோடியை அழுத்தும்போது அடுத்த ஜோடி நசுங்குவதில்லை. அந்த மலிவான கருவியில் இரண்டையும் ஒரே அழுத்தில் முடித்தாக வேண்டும், அங்கேதான் எனக்குக் கோளாறு வந்தது. இதில் முடித்ததும் ஒவ்வொரு வயரையும் விரலால் நன்றாக இழுத்துப் பார்க்கிறேன். இழுத்துப் பார்க்காமல் எந்தப் பின்னையும் ஹவுசிங்கில் செருகுவதில்லை.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: சர்வோவுக்கு வரும் சிக்னல் ஒரு சின்னத் துடிப்பு, 1 முதல் 2 மில்லிசெகண்ட் நீளம், வழக்கமாக நொடிக்கு 50 முறை. அதற்கு வயர் 10 சென்டிமீட்டரா 30 சென்டிமீட்டரா என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதே கனெக்டர் வழியாகத்தான் மின்சாரமும் போகிறது. சக்கரம் கல்லில் சிக்கி சர்வோ திணறும்போது பலமான மாடல்கள் 2, 3 ஆம்பியர் கூட இழுக்கும். தளர்ந்த பின்னில் அங்கேயே வோல்டேஜ் விழுந்து சூடாகும், சர்வோ பலமிழந்து துடிக்கும். வயரை நீளமாகவே விட்டிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. அரைகுறையாகக் கிரிம்ப் செய்வதைவிடச் சுருட்டிக் கட்டி வைப்பதே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

குறை என்று சொன்னால், வேகம் கிடையாது. ஒரு பின்னுக்கு மூன்று நான்கு அழுத்து. முப்பது பின் தொடர்ந்து போட்டால் மணிக்கட்டு வலிக்கிறது. கண்ணுக்கு நல்ல வெளிச்சம் கட்டாயம், நான் மேசை விளக்கைக் கீழே இழுத்துவைத்துதான் செய்கிறேன். விலையும் கொஞ்சம் அதிகம்தான். அந்தப் பணத்துக்கு ஒரு சுமாரான மெட்டல் கியர் சர்வோவே வாங்கிவிடலாம். ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு சர்வோ என்றால் கருவி உள்ள நண்பரிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவர்கள், லைட் செட், ஃபேன் என்று எதையாவது மாட்டிக்கொண்டே இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். புதுச் சர்வோவின் வயரை வெட்டும் முன் மட்டும் வாரண்டி அட்டையைப் படித்துவிடுங்கள்.

இப்போது என் வண்டியில் வயர் சேஸி ஓரமாக ஒட்டிப் படுத்திருக்கிறது, ஷாஃப்ட் பக்கமே போவதில்லை. வெட்டிய துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அக்கா மகன் அவற்றில்தான் பழகுகிறான். போன வாரம் 12 பின் போட்டான், நான் இழுத்துப் பார்த்ததில் 9 நின்றது.