கிருஷ்ணகிரி கல்லூரி மாணவர்களின் சனிக்கிழமை இசை வகுப்பு: பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

கிருஷ்ணகிரி நகரில் அரசுப் பள்ளி வகுப்பறை ஒன்றில், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கல்லூரி மாணவர்கள் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்தாக வேண்டும். அந்தக் கணக்கில் இந்த நேரமும் சேர்கிறது. ஆனால் மணிக்கணக்குக்காக மட்டும் வருகிறவர்கள் இல்லை என்பது பாடம் எடுக்கும் விதத்திலேயே தெரிகிறது. சுருதி (பாட்டுக்கு அடிப்படையான ஒலி நிலை), தாளம், ஏழு ஸ்வரங்களை ஏற்றி இறக்கிப் பாடும் சரளி வரிசை, ஸ்வரங்களை இரட்டித்துப் பாடும் ஜண்டை வரிசை வரை நம்பி அனுப்பலாம். மேல்நிலைப் பாடல்களான கீதம், வர்ணம் எல்லாம் இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

தொடக்கம் வழக்கம்போல மாயாமாளவகௌளை ராகம்தான். 1 கட்டையை ஸட்ஜமாக, அதாவது ‘ஸ’வாக வைத்து 1, 1½, 3, 4, 5, 5½, 7 (முழு எண் வெள்ளைக் கட்டை, அரை எண் கறுப்புக் கட்டை) என்று கீபோர்டில் ஸ்வர இடங்களைக் காட்டிவிட்டு, உடனே அதை ஓரம் வைத்துவிட்டு வாயால் பாடச் சொல்கிறார்கள். மிகச் சரியான முறை. கீபோர்டு ஸ்வரஸ்தானத்தைக் காட்டும், கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவைக் காட்டாது. கூடவே வாசித்துக்கொண்டிருந்தால் பிள்ளை சுருதி தரும் தம்பூராவைக் கேட்காது, கட்டையின் ஒலிக்காகக் காத்திருக்கும்.

குறை சுருதியில்தான். பாடிக் காட்டும் மாணவர் தன் குரலுக்கு வசதியாக 1½ கட்டையை ‘ஸ’வாக வைத்து ஆரம்பிக்கிறார். பிள்ளைகள் அதையே ஒரு ஸ்தாயி (ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த ‘ஸ’ வரை) மேலே பாடுகிறார்கள். சரளி வரிசை மத்திய ஸ்தாயியிலேயே நின்றுவிடுவதால் தொந்தரவு வெளியே தெரியாது. மேல்ஸ்தாயி வரிசை வந்ததும் தொண்டை இறுகி, பாட்டு கத்தலாகிவிடுகிறது. சிறுமிகளுக்கும் குரல் உடையாத பையன்களுக்கும் அந்த மேல் 1½-ஐவிடத் தாழ்ந்த 5 கட்டைதான் பொருந்தும். ஒரு மாணவி பாடிக் காட்டும் நாள்களில் வகுப்பே மாறிப்போகிறது, அதற்குக் காரணமும் இதுதான். 12 முதல் 15 வயதுக்குள் குரல் உடையும் பையன்களைத் தனியாக உட்காரவைத்து, எட்டுகிற ஸ்வரம்வரை மெதுவாகப் பாடவைக்க வேண்டும். இங்கே அந்தப் பிரிவு இன்னும் இல்லை. உங்கள் பையன் குரல் கரகரத்து வந்தால், மேல் ஸ்வரங்களைப் பாடாமல் தாளம் மட்டும் போடட்டும் என்று மாணவர்களிடம் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறார்கள்.

தம்பூராவுக்குக் கைபேசிச் செயலி. இருபது பிள்ளைகள் பாடத் தொடங்கினால் கைபேசி ஒலி யாருக்கும் கேட்காது. சின்ன ஸ்பீக்கர் ஒன்று இணைத்த பிறகு பரவாயில்லை. விமானப் பயன்முறையில் போடாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து சுருதி அறுந்துபோகும். அறுந்த சில நொடியிலேயே வகுப்பு மொத்தமும் கீழே இறங்கிவிடும், பிறகு மறுபடியும் ஸட்ஜத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே பாடத்தை வெவ்வேறு வேகத்தில் பாடும் காலப் பயிற்சியை நன்றாகவே செய்கிறார்கள். இரண்டாம் காலம் என்றால் கையை வேகமாகப் போடுவது என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். கை அதே நடையில் இருக்க வேண்டும், ஸ்வரம்தான் இரட்டிக்கும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் முதல் காலத்துக்கு ஆரோகணம் (ஏறுவரிசை) மட்டும் முடியும், இரண்டாம் காலத்தில் ஆரோகணமும் அவரோகணமும் (இறங்குவரிசை) முடிய வேண்டும். பெற்றோர் வீட்டில் இதை எண்ணிப் பார்த்தே சோதிக்கலாம், சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இங்கே ஒரு மாணவர் தாளம் மட்டும் போட, இன்னொருவர் பாடுகிறார். ஒரே ஆள் இரண்டையும் செய்யும்போது தாளம் வேகமெடுத்து ஓடுவது இதனால் குறைகிறது.

இந்த வகுப்பின் உயிர் கடைசி அரை மணி நேரம். தெருக்கூத்துக் குடும்பத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் முகவீணை என்னும் சிறு ஊதுகருவியோடு வந்து, பின்பாட்டுப் பாடப் பழக்குகிறார். அவர் ஓர் அடி பாட, பிள்ளைகள் சொல்லும் இழுப்பும் பிசகாமல் திருப்பிப் பாட வேண்டும். எழுதி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. காதும் நினைவும் கூர்மையாவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் விடிய விடியக் கூத்து நடக்கிற ஊர்களில் பிறந்த பிள்ளைகள் தங்கள் ஊர் இசையையும் பாடமாகக் கற்பது நல்ல சேதி. கூத்துப் பாட்டு உச்சக் குரலில் போகும் என்பதால், அதைச் சரளி வரிசைக்குப் பிறகு, குரல் சூடானபின் வைத்திருப்பதும் சரி.

மிருதங்கம் ஒன்றே ஒன்று, 24 அங்குலம். 5 கட்டைச் சுருதிக்கு 22 அங்குலம் வேண்டும். வாசித்து முடித்ததும் தொப்பியில் (தாழ்ந்த ஒலி தரும் பக்கத் தோலில்) அப்பிய ரவையைச் சுரண்டித் துடைக்காமல் விடுகிறார்கள். காய்ந்து தோலைக் கெடுத்துவிடும்.

நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு வந்தால் வகுப்பு நின்றுவிடும். மூன்றாமாண்டு மாணவர்கள் போய்ப் புதியவர்கள் வரும்போது, எந்தப் பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறது என்று தெரியாமல் எல்லோருக்கும் முதலிலிருந்தே பாடம் தொடங்குகிறது. ஒரு நோட்டில் தேதி, சுருதி, வரிசை எண், எந்தக் காலம் வரை என்று எழுதி மாணவரிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள். வீட்டில் நாள்தோறும் 15 நிமிடம் போதும், ஆனால் சுருதி இல்லாமல் பாட விடாதீர்கள்.

வெவ்வேறு தாளங்களில் ஸ்வரம் பாடும் அலங்காரம் வந்ததும் பிள்ளையை மாவட்ட அரசு இசைப்பள்ளிக்கு மாற்றிவிடலாம். அது கிருஷ்ணகிரியிலேயே இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றில் மூன்றாண்டுப் படிப்பு. நாதசுரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மற்றவற்றுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். சேர்க்கை சமயத்தில் விண்ணப்பம் நிரப்ப இந்த மாணவர்களே கூட வந்து உதவுகிறார்கள். நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.